நார்க்கட்டிலும் நர்ஸம்மாவும்

எங்கள் ஆச்சி படுத்து உறங்கி நான் பார்த்ததில்லை. நார்க்கட்டிலின் தலைமாட்டில் இரண்டு தலையணையை அடுக்கி, அதற்கும் மேலே சுருட்டிய சாக்கை வைத்து, முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். மூச்சுமுட்டு கூடினால் அதுவும் ஆகாது. காலைத் தொங்கவிட்டு, முழங்கையை இரண்டு முழங்காலிலும் ஊன்றி, தலையைக் கவிழ்த்துக்கொண்டு விடியும்வரை இருப்பாள். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். வாசலில் படுத்திருக்கும் எங்களுக்கு அது கேட்கும். "ஆச்சிக்கு முட்டு வந்துட்டு" என்று அம்மா எழுந்து அடுப்பு மூட்டுவாள், வெந்நீர் வைக்க. அந்த அடுப்புப் புகையும் நேரே ஆச்சியின் கட்டிலுக்குத்தான் போகும். அன்றைக்கு எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வயற்காட்டு ஊர் எங்களுடையது. கார், பிசானம் என்று இரண்டு பூ விளையும். ஆனியில் மலையைத் தாண்டிக் காற்று அடிக்கத் தொடங்கியதும் ஆச்சிக்கு ஒரு தடவை வரும். மார்கழிப் பனிக்கு ஒரு தடவை. அறுப்புக் காலத்தில் களத்துத் தூசியில் ஒரு தடவை. வருஷத்துக்கு மூன்று முட்டு என்று கணக்கு வைத்திருந்தோம், திருவிழாவைக் கணக்கு வைப்பது மாதிரி.

ஆச்சி பீடியோ சுருட்டோ தொட்டவள் இல்லை. அவள் தொட்டதெல்லாம் ஊதாங்குழல். பருத்திமார், பனைமட்டை, சுள்ளி, மழைக்காலத்தில் ஈரவிறகு என்று நாற்பது வருஷம் அடுக்களையில் குனிந்து ஊதியிருக்கிறாள். அவளுக்கு வந்த நோயை டாக்டர் ஆஸ்துமா என்றார், ஊரார் இளைப்பு என்றார்கள். இன்றைக்கு அதை நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சுருக்கமாக சிஓபிடி என்கிறார்கள். புகைப்பவர்களுக்கு மட்டும் வரும் நோய் அது என்று உலகமே வெகுகாலம் நம்பியிருந்தது. புகை பிடிக்காத பெண்களுக்கு விறகடுப்பாலும் வரும், காசநோய் வந்து ஆறிய நெஞ்சிலும் வரும், ஆலைத் தூசியாலும் வரும் என்பதைப் புனேயைச் சேர்ந்த சந்தீப் சால்வி போன்ற நெஞ்சக மருத்துவர்கள் எழுதி எழுதித்தான் உலகம் பரவலாக ஏற்றது. இந்தியாவில் 1990-இல் ஏறத்தாழ 2.8 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. 2016-இல் அது 5.5 கோடி ஆகிவிட்டதாக லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்கு சொல்கிறது.

நம் ஆற்றங்கரைக்கு இந்தக் காரணங்கள் எல்லாமே பொருந்தும். விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி கம்பெனி காலத்திலிருந்து பஞ்சாலை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று தெருவுக்குத் தெரு பீடி சுற்றும் பெண்கள். பீடித் தொழிலாளிகளுக்கென்றே முக்கூடலில் மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது என்றால் எத்தனை நெஞ்சு இங்கே தூளை இழுத்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆச்சிக்குச் செய்த வைத்தியம் எல்லாம் வீட்டில்தான். ஆடாதொடை இலையைக் கொதிக்க வைத்துக் கஷாயம், தூதுவளை ரசம், வாயில் அடக்க சித்தரத்தைத் துண்டு, தேனில் குழைத்த திப்பிலிப் பொடி. இவற்றை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற பொருளைப் பார்த்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி மருந்தையே செய்தார்கள். இன்றைக்கும் எத்தனையோ இருமல் டானிக்கில் அது இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1964-இல் சித்த மருத்துவக் கல்லூரி வந்த பிறகு எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கே போய் லேகியமும் வாங்கி வந்தார்கள். சளி இளகும், தொண்டை தெளியும். ஆனால் முற்றிய முட்டு அதற்கெல்லாம் அசையாது. சுருங்கிப்போன மூச்சுக்குழாய் விரிய வேண்டும், உள்ளே அடைபட்ட காற்று வெளியே வர வேண்டும். அதற்கான சாமான் எதுவும் வீட்டில் கிடையாது.

அடுத்து கம்பவுண்டர் வருவார். சைக்கிள் ஹேண்டிலில் தோல்பை. கண்ணாடிச் சிரிஞ்சை அலுமினியக் கிண்ணத்தில் கொதிக்க வைத்து, டெரிபிளின் ஊசி ஒன்று, சமயத்தில் ஸ்டீராய்டு ஊசி ஒன்று. போட்ட கால் மணியில் ஆச்சிக்கு வியர்த்து, நெஞ்சு படபடத்து, மூச்சு கொஞ்சம் இறங்கும். அவர் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க ஆள் கிடையாது. அன்றைக்கு இருந்த பெரிய குறை மருந்து இல்லாதது அல்ல, மறுநாள் வந்து பார்க்க ஒருவர் இல்லாதது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஊசிக்கும் மசியாவிட்டால் டவுனிலிருந்து வாடகைக் கார் பிடித்து ஐகிரவுண்டு. 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியை நாங்கள் சொல்லும் பெயர் அதுதான். "ஐகிரவுண்டுக்குக் கொண்டு போயாச்சு" என்று யாராவது சொன்னால் கேட்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அங்கே ஆக்ஸிஜன் இருந்தது, டாக்டர் இருந்தார், ஆச்சி ஒவ்வொரு தடவையும் பிழைத்தாள். ஆனால் பத்து நாள் வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்த அம்மா, நடவு விட்டுப்போன அப்பா, அடகுக்குப் போன கம்மல் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். வீடு வந்து இருபது நாளில் அதே விறகடுப்பு, அதே முட்டு. நான்காவது தடவை ஆச்சியே "வேண்டாம்யா, எனக்கு என் கட்டில் போதும்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிசான அறுப்பு முடிவதற்குள் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்தாள்.

இனி இன்றைய கதை. போன மார்கழியில் எங்கள் அத்தைக்கு வந்தது அதே முட்டு. அத்தை முப்பது வருஷம் பீடி சுற்றியவள். மடியில் தட்டு, தட்டில் தூள், பக்கத்தில் அடுப்பு. இலவச எரிவாயு அடுப்பு கொடுத்த காலத்தில்தான் அவள் வீட்டுச் சமையல் புகையை விட்டு வெளியே வந்தது. நெஞ்சு அதற்கு முன்பே கெட்டுவிட்டது. இரண்டு வருஷமாகவே அவள் வீட்டில் நெபுலைசர் இருக்கிறது. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. மாமா மகன் வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரும் மூலையில் உறுமிக்கொண்டிருக்கிறது. ஆச்சியின் நார்க்கட்டிலும் அந்த வீட்டில்தான் கிடக்கிறது.

இத்தனை இருந்தும் அன்று சாயங்காலம் வீடே பதறிக்கொண்டிருந்தது. அத்தையைப் பார்த்துவரும் நெஞ்சக மருத்துவர் போனில் கேட்டுவிட்டு, "உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். சிஸ்டரை அனுப்புகிறேன், அவர் பார்த்துச் சொல்லட்டும்" என்றார். வந்தவர் அரசுப் பணியில் ஓய்வுபெற்ற செவிலியர். அந்தத் தெருவில் எல்லாருக்கும் நர்ஸம்மா.

வந்ததும் அவர் பெட்டியைத் திறக்கவில்லை. அத்தையின் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுக்க அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு மூச்சு. பிறகு, "என்ன சாப்பிட்டீங்கம்மா?" என்று கேட்டார். பதிலுக்காகக் கேட்கவில்லை, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடிகிறதா என்று பார்க்கக் கேட்டார். துப்பிய சளியைக் காட்டச் சொன்னார். மூன்று நாளில் வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தார், விழவில்லை. கடைசியில்தான் ஆக்ஸிமீட்டர். தொண்ணூற்றேழு.

மாமா மகனுக்கு அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷம். "நாலு லிட்டர் வச்சிருக்கேன் சிஸ்டர்" என்றான். அவர் ஒன்றும் பேசாமல் குமிழைத் திருகி ஒன்றுக்கு இறக்கினார். எண் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றிரண்டு என்று இறங்கி, தொண்ணூறில் நின்றது. அவன் பதறிவிட்டான். "என்ன சிஸ்டர், கூட்டி வைக்காம குறைக்கீங்களே?"

"அம்மா அரைத்தூக்கமா இருக்காங்களே, அது அசதின்னு நெனச்சீங்களா?" என்று கேட்டார் நர்ஸம்மா.

அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம் அது. இந்த நோய் முற்றிய நெஞ்சுக்குள் காற்று போவதைவிட வெளியே வருவதுதான் சிரமம். கரியமில வாயு உள்ளேயே தங்கும். அந்த நிலையில் ஆக்ஸிஜனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் அந்த வாயு இன்னும் ஏறி, ஆளை மயக்கத்தில் தள்ளும். எண் நூறை நெருங்க நெருங்க வீட்டார் மகிழ்வார்கள், நோயாளி அமைதியாக உறங்குவது போலவே கைநழுவிப் போவார். ஆகவே இவர்களுக்கு வைக்க வேண்டிய அளவு 88-க்கும் 92-க்கும் நடுவே. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் இப்படி அளந்து கொடுத்தபோது, அள்ளிக் கொடுத்ததைவிட இறப்பு பாதிக்கு மேல் குறைந்தது. 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு அது. கருவி கடையில் கிடைக்கிறது. அதை எந்த எண்ணில் நிறுத்துவது என்பது கூட வந்தால்தான் அது மருந்து, இல்லையென்றால் ஆபத்து.

அடுத்து இன்ஹேலர் என்ற பம்பு. "பம்பு வச்சா பழகிரும்" என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. அத்தை அதை ஒளித்து ஒளித்து அடிப்பவள். அடித்துக்காட்டச் சொன்னால், மருந்து முழுக்க நாக்கில். நர்ஸம்மா பையிலிருந்து ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை எடுத்து மாட்டி, அழுத்தச் சொல்லி, நிதானமாக இழுக்கச் சொல்லி, பத்து எண்ணும்வரை மூச்சை நிறுத்தச் சொன்னார். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. இரண்டு வருஷமாக வாங்கிய பம்பில் பாதி நெஞ்சைப் போய்ச் சேரவே இல்லை.

பிறகு செய்ததுதான் எனக்கு ஆச்சியை நினைவுபடுத்தியது. அத்தையை முன்னால் சாய்ந்து உட்கார வைத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதச் சொன்னார். விளக்குச் சுடர் ஆட வேண்டும், அணையக் கூடாது. உதட்டைக் குவித்து ஊதும்போது மூச்சுக்குழாய் உள்ளே மூடிக்கொள்ளாமல் திறந்தே நிற்கும், அடைபட்ட காற்று வெளியேறும். அத்தைக்குப் பிடிபடவில்லை. "அடுப்பு ஊதுன வாய்தானம்மா, இப்ப மெதுவா ஊதுங்க" என்றார் நர்ஸம்மா. அத்தை ஊதினாள். கால் மணியில் மூச்சு இருபத்திரண்டுக்கு வந்தது. நாற்பது வருஷம் புகைக்குள் ஊதிய ஆச்சிக்கு இந்த ஒரு வித்தையைச் சொல்லிக்கொடுக்க அன்றைக்கு ஒரு ஆள் வந்திருந்தால் என்று எனக்கு நெஞ்சு அடைத்தது.

மருந்தை மருத்துவர் போனிலேயே சொன்னார். ஸ்டீராய்டு மாத்திரை ஐந்து நாள். முன்பெல்லாம் இரண்டு வாரம் கொடுப்பார்கள். ஐந்து நாளே போதும் என்று சுவிட்சர்லாந்தில் செய்த ஆய்வு 2013-இல் காட்டிய பிறகு எண்ணிக்கை குறைந்தது. சளி நிறம் மாறியிருந்ததால் ஆன்டிபயாட்டிக்கும் உண்டு. நிறம் மாறாத, அளவு கூடாத சளிக்குப் பெரும்பாலும் அது வேண்டியதில்லை. நர்ஸம்மா மாத்திரையை எண்ணி வைத்துவிட்டு, "மிச்சம் வச்சு அடுத்த தடவை நீங்களா போடக்கூடாது" என்று கண்டித்தார்.

கிளம்புமுன் நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். உதடோ நகமோ நீலம் பாய்ந்தால், பேச்சு குழறினால், எழுப்பினாலும் கண் செருகினால், ஆக்ஸிஜன் வைத்தும் எண் 88-க்குக் கீழேயே நின்றால், நெஞ்சு வலித்தால் யாரையும் கேட்க வேண்டாம், 108-ஐக் கூப்பிட வேண்டும். அந்த எண் 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆச்சி காலத்தில் கூப்பிட எண்ணே கிடையாது. மறுநாள் காலையும் மாலையும் அவர் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஐந்தாம் நாள் அத்தை தானாக எழுந்து முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

இது எங்கள் வீட்டு அதிர்ஷ்டக் கதை மட்டும் அல்ல. எடின்பரோ, கிளாஸ்கோ, லிவர்பூல் நகரங்களில் 2000-வாக்கிலேயே மூச்சுமுட்டலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் தகுதியானவர்களைத் தேர்ந்து, செவிலியர் துணையோடு வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பார்சிலோனா 2003-இல் செய்தது. இப்படி எட்டு ஆய்வுகளில் இருந்த 870 பேரைச் சேர்த்து 2012-இல் காக்ரேன் குழு எடைபோட்டது. வீட்டில் பார்த்தவர்கள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவது குறைந்தது. இறப்பு கூடவில்லை. ஆனால் இது எல்லாருக்கும் அல்ல. வருகிறவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் சரிப்படும் என்று அந்த மருத்துவர்களே சொன்னார்கள். புத்தி தடுமாறியவர், இதயம் தளர்ந்தவர், வீட்டில் பார்க்க ஆள் இல்லாதவர் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். முகமூடி வைத்து மூச்சைத் தள்ளிக் கொடுக்கும் கருவி அங்கே இருக்கிறது, அது எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது. வீட்டிலேயே வைத்தியம் என்று நான் சொல்வது ஆஸ்பத்திரிக்குப் பயந்து வீட்டில் கிடப்பதை அல்ல. ஆச்சி அப்படிக் கிடந்தாள். யார் வீட்டில் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் வாசற்படி ஏறுவதைச் சொல்கிறேன்.

நம் ஊருக்கென்று ஒரு கவலையும் உண்டு. கான்சன்ட்ரேட்டருக்கு மின்சாரம் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டபோது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருநெல்வேலியில் தெருக்களில் தண்ணீர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நின்றுபோன பயணிகளை ஊரே பார்த்துச் சோறு போட்டது. பல ஊர்களில் கரண்ட் இல்லை, பாலம் இல்லை. அந்த இரவுகளில் மூக்கில் குழாயோடு எத்தனை அத்தைகள் இருந்திருப்பார்கள்? வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர் யார் யார் என்ற பட்டியல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும். மழைக்கு முன்பே ஒரு சிலிண்டர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஆக்ஸிஜனுக்கு நம் மாவட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. ராக்கெட் எஞ்சினுக்கு வைத்திருக்கும் திரவ ஆக்ஸிஜனை 2021-இல் மகேந்திரகிரி இஸ்ரோ மையம் ஆஸ்பத்திரிகளுக்கு லாரி லாரியாக அனுப்பியதை நாம் பார்த்தோம்.

ஆளுக்கும் வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நோய் முற்றியவர்களுக்கு வலி தணிப்புச் செவிலியர், முடங்கியவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியாளர், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் பை. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபை இதற்கு விருது கொடுத்தது, அது தகுதியான விருது. ஆனால் அன்று அறிவித்த அந்தப் பணிகளில் இளைப்பு தனியாக ஒரு பெயராக இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் ஸ்வாஸ் என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இந்த நோய்க்குத் தனிக் கிளினிக் வைத்துவிட்டது. 2023-இல் திருத்தி வந்த தேசியத் தொற்றா நோய்த் திட்டமும் சிஓபிடியையும் ஆஸ்துமாவையும் சேர்த்திருக்கிறது.

எங்கள் அத்தைக்கு நர்ஸம்மா கிடைத்தது அவர் அந்தத் தெருவில் குடியிருந்ததால். முக்கூடலில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும், விக்கிரமசிங்கபுரத்தில் ஆலையை விட்டு வந்த பெரியவருக்கும் அது தெருவைப் பொறுத்துக் கிடைக்கக் கூடாது. சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள் இது: வீடு வீடாகப் போகிற அந்தச் செவிலியரின் பட்டியலில் இளைப்பையும் ஒரு பெயராக எழுதுங்கள். அவர் பையில் ஓர் ஆக்ஸிமீட்டரும் ஒரு ஸ்பேசரும் வையுங்கள். கூப்பிட்டால் எடுக்கும் ஒரு நெஞ்சக மருத்துவரின் எண்ணை அவர் கையில் கொடுங்கள். அடுத்த ஆனிக் காற்றுக்கு முன்னால் கொடுங்கள்.